நமக்கு உதவுவோர் வாரம்

என் மகள் தாரிகா எல்.கே.ஜி.யில் என்ன படிக்கிறாள் என்பது ஜீப் டிரைவர் சத்யராஜுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் நான் நைட் வாட்ச்மேன். பொழுது சாயும்போது போனால் விடிந்த பிறகுதான் திரும்புவேன். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரமும், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சத்யராஜின் ஜீப் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. நான் வருவேன், அவள் போவாள். மதியத்துக்கு மேல் அவள் திரும்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து, குளித்து, தின்று, யூனிஃபார்ம் மாட்டுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் நான் அப்பா. அந்தக் கொஞ்ச நேரத்திலும் அவள் பேசுவது சத்யராஜ் மாமாவைப் பற்றி.

அவள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தலைப்பு. திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்துவிடுவார்கள். நிறங்கள் வாரத்தில் சத்யராஜ் வழியில் ஜீப்பை நிறுத்தி, பழுத்த காப்பிப் பழத்தைப் பறித்துக் கொடுத்து 'ரெட்' என்றானாம். சில்வர் ஓக் இலையைத் திருப்பிக் காட்டி, மேலே பச்சை, அடியில் வெள்ளை என்றானாம். வடிவங்கள் வாரத்தில் ஸ்டியரிங் வட்டம், கண்ணாடி சதுரம். பழங்கள் வாரத்தில் ஒரு ஆரஞ்சை உரித்து ஜீப்பில் ஆளுக்கு ஒரு சுளை.

நானும் சும்மா இருக்கவில்லை. ரிசார்ட் சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு டிராகன் பழம் வாங்கி வந்தேன். மஞ்சக்குட்டையில் எந்தப் பிள்ளையும் பார்த்திருக்காத பழம். தாரிகா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"பழம் போன வாரம்ப்பா. இந்த வாரம் மிருகம்."

மிருகம் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. பாதி இரவுகளில் எங்கள் கேட்டுக்கு எதிரே காட்டெருமை நிற்கும். அதன் முதுகுத் திமில் எவ்வளவு உயரம், காலில் எப்படி வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நா பாத்துட்டேன். மாமா ஹாரன் அடிக்காம வண்டிய நிறுத்திக் காட்டுச்சு. குட்டியும் இருந்துச்சு."

குட்டியை நான் பார்த்ததில்லை.

சத்யராஜ் பத்தாவது பெயில். நான் சேலத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் வரை போய்விட்டு நின்றவன். பர்ப்பிள் என்பதை அவன் 'பர்ப்புளு' என்பான். தாரிகாவும் 'பர்ப்புளு' என்கிறாள். திருத்தினால், "மாமா அப்புடித்தான் சொல்லுச்சு" என்று என்னையே திருத்துகிறாள்.

"ஏனுங்க, அவன் பாட்டுக்குப் புள்ளைங்கள நல்லாப் பாத்துக்கறான். அவன்கிட்டப் போயி என்னத்துக்கு இந்தப் பொகச்சல்?" என்றாள் என் மனைவி சசிரேகா. அவள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள்.

"நல்லாப் பாத்துக்கறான். அதுதான் பொகச்சல்."

"அப்ப நீங்களும் ஒரு ஜீப்பு ஓட்டுங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 'நமக்கு உதவுவோர்' வாரம் வந்தது. வகுப்பில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார்களாம். டாக்டர், போலீஸ், தபால்காரர், விவசாயி, டிரைவர். வெள்ளிக்கிழமை மாறுவேடம். அப்பா அம்மா எல்லாரும் வந்து பார்க்கலாம்.

"வாட்ச்மேன் இருக்குதா அந்தச் சார்ட்டுல?" என்று கேட்டேன்.

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். டிரைவர் இருக்குது. நா டிரைவர் வேசம் போடறேன்."

போடட்டுமா என்று கேட்கவில்லை. முடிவாகிவிட்டது. சத்யராஜ் தன் பழைய காக்கிச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். சசிரேகா ஊசியும் நூலுமாக உட்கார்ந்து அதன் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டில், என் பாயில், என் பெண்டாட்டி கையில், அவன் சட்டை. பிடுங்கிக்கொண்டேன்.

"என்னங்க பண்ணறீங்க? ஊசி குத்தியிருக்கும்!"

"எம்புள்ள என்ற வேசந்தான் போடும். வேற எவன் வேசமும் போடாது."

தாரிகா அழவில்லை. என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஜீப்பில் ஏறப் போன தாரிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சத்யராஜிடம் போனேன். பின்னால் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தன. சத்யராஜ் என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அட, வசந்தண்ணன் முழிச்சிருக்குதே! இன்னைக்கு மழதான்."

பையில் கொண்டுவந்திருந்த அவன் சட்டையை எடுத்து சீட்டில் வைத்தேன். "இந்த வாரம் புள்ள ஜீப்புல வராது. நானே பஸ்ஸுல கூட்டிட்டுப் போய்க்கறேன்."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "ஏங்ணா, எங்கிட்ட ஏதாச்சும் கொறைங்களா?"

"ஒண்ணுமில்ல."

"வண்டி வேகமாப் போவுதுன்னு புள்ள சொல்லுச்சுங்களா?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேனல்ல."

ஏதாவது குறை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஜோஸ்வா என்ற வாயாடிப் பையன் பின்னாலிருந்து, "தாரிகா, ஏறு, ஏறு, உன் எடம் காலியாக் கெடக்குது" என்று கத்தினான். அவள் என் கையைப் பிடித்தபடி ஜீப் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். சத்யராஜை விட நன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கம்பியில் சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது, பள்ளியைத் தாண்டிப் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது பஸ். தாரிகா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எழுப்பறதுதானே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பி நடந்தோம். வாசலில் புவனா மிஸ், "நேரத்துக்கு வந்துருங்க சார்" என்றார். ஜீப் பிள்ளைகள் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தன.

ஆனால் சாயங்காலங்களில் நான் விடவில்லை. என் தொப்பியின் உள்ளே துணி வைத்து அவள் தலைக்குச் சரிப்படுத்தினேன். டார்ச், விசில், ஒரு சின்னக் குச்சி. வசனமும் நானே எழுதினேன்: 'நான் வாட்ச்மேன். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது நான் முழித்திருப்பேன். திருடன் வந்தால் விசில் அடிப்பேன். யார் அது? நில்!' அவள் கெட்டிக்காரி. இரண்டே நாளில் மனப்பாடம். 'யார் அது? நில்!' என்று அவள் டார்ச்சை அடித்தபோது அடுத்த வீட்டுக் கோழி ஓடியது. சசிரேகாவே சிரித்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, அவளுக்கு வேஷம் போட்டு, நானும் யூனிஃபார்மைக் கழற்றாமலே கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவும் மகளும் ஒரே வேஷத்தில் உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். சசிரேகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெற்றோர் எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஜீப்பில் கொண்டுவந்த பிள்ளைகளை விட்டுவிட்டு சத்யராஜ் கதவோரம் நின்றான். எனக்குத் தலையை ஆட்டினான். நான் மேடையைப் பார்த்தேன்.

வரிசையாக டாக்டர்கள் வந்தார்கள். எல்லா டாக்டரும் ஊசிதான் போட்டார்கள். ஜோஸ்வா போலீஸாக வந்து, மீசை உதிர்ந்துவிட, அதைப் பொறுக்கி ஒட்டிக்கொண்டு சல்யூட் அடித்தான். பிறகு புவனா மிஸ் மைக்கில், "அடுத்து தாரிகா, நம்ம வாட்ச்மேன்" என்றார்.

நடுவில் வந்து நின்றாள். தொப்பி நேராக இருந்தது.

"வாட்ச்மேன் சார், நீங்க என்ன வேலை செய்வீங்க?"

என் உதடுகள் வசனத்தைத் தொடங்கிவிட்டன. அவள் தொடங்கவில்லை. மேடையில் இருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டார்ச்சைக் கீழே வைத்தாள். குச்சியை அதன் பக்கத்தில் வைத்தாள். விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லாரையும் பார்த்து, "உஸ்" என்றாள். பிறகு படுத்தாள். இடதுபக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கி, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்து. நான் எப்படிப் படுப்பேன் என்பதை அன்றுதான் பார்த்தேன். குறட்டை கூட விட்டாள்.

அரங்கு வெடித்துச் சிரித்தது. வாட்ச்மேன் என்றாலே தூங்குபவன் என்று ஊருக்கே ஒரு நினைப்பு உண்டு. அதை ஒரு வாட்ச்மேன் மகளே வந்து நடித்துக் காட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முன்வரிசைப் பெண்கள் திரும்பி என் யூனிஃபார்மைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தார்கள். கதவோரம் சத்யராஜும் சிரித்தான்.

தாரிகா தொப்பியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "உஸ்!" என்றாள், இந்த முறை கோபமாக. சிரிப்பு கூடியது. அவள் என்னைத் தேடினாள். பார்த்தும்விட்டாள். கீழுதடு நடுங்க ஆரம்பித்தது.

எழுந்து நின்றிருக்க வேண்டும். 'கொஞ்சம் பேசாம இருங்க' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அந்த யூனிஃபார்மோடு எழுந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

சத்யராஜ் கதவைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினான். விரலை உதட்டில் வைத்தான்.

"உஸ்! வாட்ச்மேன் தூங்கறாங்கல்ல? சத்தம் போட்டா எப்புடித் தூங்குவாங்க?"

ஜீப் பிள்ளைகள் முதலில் விரலை உதட்டில் வைத்தன. அவர்களைப் பார்த்து மற்ற பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர். அரங்கில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவள் திருப்தியாகத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தாள். புவனா மிஸ் போய் மெதுவாகத் தோளைத் தட்டி எழுப்பும் வரை தூங்கினாள். பெரிய கைதட்டு. அந்த அமைதியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன். அந்த நிமிஷம் அவனை வெறுத்ததற்கு முன்னால், அதுவரை வெறுத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "சொல்லிக்குடுத்ததெல்லாம் மறந்துருச்சா?"

"மறக்கல."

"அப்பறம் ஏஞ் சொல்லல?"

"அது ராத்திரிக்குப்பா. இப்பப் பகலு."

தொப்பிக்குள் இருந்த துணியை எடுத்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். பகலில் வீட்டில் விரலை உதட்டில் வைத்து அலையும் வாழ்க்கை அவளுடையது. எனக்காக ஒரு பள்ளியையே பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

சத்யராஜ் வந்தான். "பாப்பா கலக்கிருச்சுங்ணா. கண்ணெல்லாஞ் செவந்து கெடக்குது உங்களுக்கு. பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கறீங்க, வண்டியில ஏறுங்க."

"நா பஸ்ஸுல போய்க்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாரிகா முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் இடம் போலிருக்கிறது. வேறு எந்தப் பிள்ளையும் அங்கே ஏறப் பார்க்கவில்லை.

"திங்கக்கெழமையிலிருந்து புள்ள ஜீப்புலயே வரட்டும்" என்றேன், ஏதோ நான் அவனுக்கு உபகாரம் செய்வது போல.

"சரிங்ணா" என்றான். குத்தலாக ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

பின்னால் ஏறி, ஒரு தபால்காரருக்கும் ஜோஸ்வா போலீஸுக்கும் நடுவில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜீப் கிளம்பியது. முன்னால் அவள் சத்யராஜிடம் ஏதோ சொல்ல, அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு ஜோஸ்வாவின் காதருகே குனிந்தேன்.

"டேய் கண்ணு, அடுத்த வாரம் என்ன பாடம்?"

அவன் மீசையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முன்பக்கம் திரும்பி முழுக் குரலில் கத்தினான்.

"மாமா! தாரிகா அப்பாவுக்கு அடுத்த வாரம் என்னன்னே தெரியாதாமா!"

"அப்ப நீங்க எல்லாருஞ் சொல்லிக்குடுங்க" என்றான் சத்யராஜ்.

"பற-வை-கள்!" என்று ஜீப் முழுக்கக் கத்தியது. தாரிகாவும் கத்தினாள், ரோட்டைப் பார்த்தபடியே.