லவோன் குறி தவறிய நாள்

ஆகஸ்ட் மாதம் என் மச்சான் கர்டிஸ் ஒரு குடும்பக் கூட்டம் போட்டான். எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம் என்று நினைத்துத்தான் போனேன். அவன் ஆளுக்கொரு தாள் கொடுத்தான். முதலில் பிரார்த்தனை, அடுத்தது சென்ற கூட்டத்தின் குறிப்புகள், மூன்றாவது 'அப்பாவின் எதிர்காலம்'. சென்ற கூட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. அதைச் சொன்னதற்கு, அந்த அம்சத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தான். கர்டிஸ் பயிர்க் காப்பீடு விற்கிறவன். ஊராட்சிக்கும் தலைவன், சர்ச் கமிட்டிக்கும் தலைவன். தலைவர் இல்லாத மேஜையில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்றாவது அம்சமான என் மாமனார் ஆர்வல் அந்த நேரம் கொல்லையில் நின்று, புல்வெட்டும் இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் நிதானமாகக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருஷம் பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம். யாரும் எழுந்து போகவில்லை. கூட்டம் நடக்கிறதல்லவா.

கர்டிஸ் இடம் பார்த்து வைத்திருந்தான். மறதிக்காரர்களுக்கான இல்லம், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தில். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கட்டில். மனைவிமார் ஞாயிறும் புதனும் வந்து பார்க்கலாம். வண்ணத் தாளில் அச்சடித்த படங்களைக் காட்டினான். படத்தில் இருந்த கிழவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் லவோன் ஒரு படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒத்தக் கட்டில்தானா?" என்றார்.

அம்பத்திரண்டு வருஷமாக அவரும் ஆர்வலும் ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள். லவோன் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த மனுஷி. சின்னப் பேச்சுக்கும் பெரிய பேச்சுக்கும் ஒரே குரல்தான். இந்த இலையுதிர் காலம் மட்டும் விடச் சொன்னார். வழக்கம்போல், உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்கிற கேம்பர் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடைக்குப் போவார்கள். அது முடிந்ததும் நவம்பரில் குடும்பத்தோடு மான் வேட்டை. "ஒரே ஒரு தப்பு நடக்கட்டும், நானே கூட்டிட்டுப் போயி விட்டுடறேன். நடக்கலேன்னா வசந்தம் வரைக்கும் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

கர்டிஸ் அதை எழுதிக்கொண்டான். 'அசம்பாவிதம் ஏதும் நேராத பட்சத்தில்' என்று திருத்தி எழுதினான். என் மனைவி கார்லா வண்டியில் வரும்போது வழியெல்லாம் அழுதாள். நான் கர்டிஸைக் கிண்டல் செய்துகொண்டே ஓட்டினேன். என்னால் முடிந்த உதவி அது.

அக்டோபர் முதல் தேதி அறுவடை தொடங்கிவிடும். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த இரண்டு வாரம் கல்யாணம், சாவு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. வருவதற்கு ஆள் இருக்காது. நான் மாவட்டச் சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு விவசாயிக்குக் கிழங்கு லாரி ஓட்டுவேன். மாமனாரும் மாமியாரும் கிழங்கு குவிக்கிற களத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. எங்கெங்கிருந்தோ கேம்பர் வண்டிகளில் வந்த கிழடுகளெல்லாம் பளபளக்கும் மேலாடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, சேற்றில் கை காட்டி லாரிகளை உள்ளே விடும். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற வயசு என்று யாராவது நினைத்தால், ஒரு நாள் அந்தக் களத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

ஆர்வலின் வேலை சுலபம். லாரி கிழங்கைக் கொட்டும்போது ஒரு பையில் கொஞ்சம் மாதிரி பிடிக்க வேண்டும். ஓட்டுநர் கொடுக்கிற சீட்டை அந்தப் பைக்குள் போட வேண்டும். அந்தச் சீட்டை வைத்துத்தான் யாருடைய கிழங்கில் எவ்வளவு சர்க்கரை என்று பார்ப்பார்கள். ஆர்வல் சீட்டை வாங்கி, மரியாதையாக நன்றி சொல்லி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு லாரிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு லாரிக்கும் லவோன் எதிர்ப்பக்கத்திலிருந்து சேற்றைத் தாண்டி ஓடி வந்து, பேச்சுக் கொடுப்பதுபோல் அவர் தோளைத் தட்டி, பையிலிருந்து சீட்டை உருவி உள்ளே போட்டுவிட்டு, மறுபடி தன் இடத்துக்கு ஓடுவார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு இருநூறு லாரி வரும். அவருக்கு எழுபத்து மூன்று வயசு.

மேற்பார்வைப் பையன் ஒருமுறை என்னிடம், இந்தப் பாட்டிக்குத் தாத்தா மேல் இன்னும் என்ன பிரியம் பாருங்க, நிமிஷத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்துட்டுப் போறாங்க என்றான். ஆமாம் தம்பி என்றேன்.

பதினான்கு நாளும் ஒரு சீட்டு மாறவில்லை. கடைசி நாள் லவோனின் காலணியைக் கழற்றக் கார்லாவும் நானும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. பாதம் கிழங்கு மாதிரியே வீங்கியிருந்தது. அவருக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. "பாதி தாண்டியாச்சு" என்றார்.

மீதிப் பாதி வேட்டை. நினைவு தப்பிய மனிதர் கையில் துப்பாக்கியா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டிருக்க வேண்டும். கிழக்கே காட்டுக்குள் இருக்கும் வேட்டைக் குடில் ஆர்வல் தன் கையால் கட்டியது. கர்டிஸ் அந்தக் குடிலுக்கு ஓர் அரசியல் சாசனம் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறான். ஸ்தாபகரின் வேட்டைப் பரண் ஆயுள் முழுக்க அவருக்கே என்பது அதில் இரண்டாவது விதி. பெற்ற தகப்பன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்க அவனுக்கும் தைரியமில்லை, எனக்கும் தைரியமில்லை. அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டோம். லவோன்தான் ஒரு வழி செய்தார். இரண்டு பேரும் ஒரே பரணில் உட்காருவார்கள். தோட்டா முழுக்க லவோனுடைய பையில் இருக்கும். ஆர்வல் மடியில் வெறும் துப்பாக்கி. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

முதல் நாள் காலை. லேசான பனி. பத்து மணி வரை பரணை விட்டு இறங்கக் கூடாது என்பது ஏழாவது விதி. ஒன்பதேகாலுக்கு என் வயிறு சாசனத்தை மதிக்க மறுத்தது. தொப்பியிலிருந்து இடுப்பு வரை வேட்டைக்காரர் எல்லாரும் போடுகிற ஆரஞ்சு நிறத்தில், அரை மைலுக்கு அப்பாலிருந்தும் தெரிகிற மாதிரி, நான் இறங்கி ஓடைக்கரைப் புதருக்குள் போய்க் குந்தினேன். எழுந்து பெல்ட்டைப் போடும்போது வெடித்தது.

பக்கத்துப் பாப்ளர் மரத்தின் பட்டை சிதறி என் கன்னத்தைக் கிழித்தது. மரத்துக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. நான் கீழே படுத்துக்கொண்டேன். அங்கே எதன் மேல் படுத்தேன் என்பதை விட்டுவிடுகிறேன்.

புதரை விலக்கிக்கொண்டு லவோன் வந்தார். கையில் துப்பாக்கி இல்லை, தொப்பியும் இல்லை. ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு என் தலை, கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். கன்னத்து ரத்தத்தைக் கையுறையால் துடைத்தார்.

ஆர்வல் போட்டிருந்த போன வருஷத்துக் கோட்டின் கிழிந்த உள்பைக்குள் ஒரு தோட்டா கிடந்திருக்கிறது. லவோன் காப்பி ஊற்றத் திரும்பிய நேரத்தில் ஆர்வலின் விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. இதை அவர் மூச்சு வாங்கியபடி துண்டு துண்டாகச் சொன்னார்.

"நான்தான் சுட்டேன், டேல்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எட்டுக் கிளைக் கொம்பு மான். ஓடையத் தாண்டி ஓடிடுச்சு. நீயும் பாத்தே."

"அம்மா, அரை அடி தள்ளியிருந்தா..."

"தெரியும். உங்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு வாய் கூசுது. ஆனா உன்னை விட்டா வேற யார்கிட்ட கேப்பேன்? நான் அவரை இன்னிக்கே இறக்கிடறேன். இனிமே துப்பாக்கியத் தொடவே விட மாட்டேன். வசந்தம் வரைக்கும்தான்பா கேக்கறேன்."

நான் எட்டுக் கிளைக் கொம்பு மானைப் பார்த்தேன் என்று சொன்னேன். கன்னத்தில் கிளை கீறிவிட்டது என்றும் முடிவு செய்தோம்.

மத்தியானம் எல்லாரும் குடிலில் கூடினோம். குறி தவறியவரை விசாரிப்பது எங்கள் வழக்கம். குற்றம் நிரூபணமானால் சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி உத்தரத்தில் ஆணியடித்துவிடுவோம். அங்கே கர்டிஸின் துணி நாலு, என்னுடையது ஏழு, கார்லாவுடையது ஒன்று. ஆர்வலின் துணிகளே மூன்று இருந்தன. லவோன் பேரில் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பத்தொரு வருஷம். யார் புதிதாகக் குடிலுக்கு வந்தாலும் ஆர்வல் உத்தரத்தைக் காட்டி, என் பெண்டாட்டி பேரைத் தேடிக் கண்டுபிடி பார்க்கலாம் என்பார்.

கர்டிஸ் தன் மனைவியின் ஊதா நிறக் குளியல் அங்கியை மாட்டிக்கொண்டு, கையில் சூப்புக் கரண்டியோடு தலைமை ஏற்றான். வேடிக்கைக்காகத்தான் என்று சொல்வான். ஆனால் அந்த அங்கியை வருஷாவருஷம் இஸ்திரி போட்டுக் கொண்டுவருகிறவன் அவன். நாற்பத்தொரு வருஷ ஆணவம் இன்று அடங்கியது என்று ஆரம்பித்தான். சாட்சியைக் கூப்பிட்டான். நான் எழுந்தேன். மான் எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டான்.

"அறுபது அடி. பசு மாடு மாதிரி நின்னுச்சு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டம் போட்ட சட்டையின் பின்பக்கத்தை வெளியே இழுத்துவிட்டு, மகனுக்கு முதுகைக் காட்டி நின்றார். கர்டிஸ் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினான். நாலு விநாடி போயிருந்தால் முடிந்திருக்கும்.

"நிறுத்துடா" என்றார் ஆர்வல்.

சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அன்று காலையில் அவருக்குக் கார்லாவின் பெயர் தெரியவில்லை. காலணியைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். இப்போது அவர் கண் தெளிவாக இருந்தது. பழைய பால் வண்டிக்கார ஆர்வலே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"அவ சுடல. நான் சுட்டேன்."

லவோன் திரும்பாமலே, "உக்காரு ஆர்வல். உனக்கு ஞாபகம் இல்ல. சூப்பக் குடி" என்றார்.

"நல்லா ஞாபகம் இருக்கு. நீ காப்பி ஊத்திட்டு இருந்தே. எனக்காகப் பழிய ஏத்துக்கறா பாரு, கிறுக்கி." அவர் எங்கள் எல்லாரையும் பெருமையாகப் பார்த்தார். "நாப்பத்தொரு வருஷமா இவ குறி தவறினதில்ல. இவ சட்டையில எவனும் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. என்னோடத வெட்டு."

மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கர்டிஸுக்கு ஏக உற்சாகம். கரண்டியால் கதவைத் தட்டி, புதிய குற்றவாளி முன்னே வருக, எதைச் சுட்டீர் என்பதை மாமன்றத்துக்கு விளக்குக என்றான். லவோன் ஆர்வலின் கையைப் பிடித்தார். அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேசினார்.

"ஓடப்பக்கம் புதருக்குள்ள ஆரஞ்சா ஏதோ குந்தியிருந்துது. நரின்னு நெனச்சேன். எந்திரிச்சுது. இவ்வளவு பெரிய நரிய நான் பாத்ததே இல்ல."

ஒருவர் மட்டும் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினார். சுவரில் எங்கள் ஆரஞ்சுக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கார்லா என் கன்னத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, கீறலில் ஒட்டியிருந்த ஒரு மரப்பட்டைச் சிம்பை நகத்தால் எடுத்தாள். அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"டேல், குண்டு எத்தனை அடி தள்ளிப் போச்சு?" என்றாள்.

என்னிடம் இன்னும் ஒரு பொய் இருந்தது. லவோன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

கர்டிஸ் ஊதா அங்கியோடு நின்றுகொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைக்க இடம் தேடினான். அவனைக் கிண்டல் செய்ய என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். அப்போது ஒன்றும் வரவில்லை. "அப்பா" என்றான். அங்கியின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிவிட்டது. அம்பது வயசு ஆள், அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

லவோன் போய் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அவன் தலையில் கை வைத்தார்.

"திங்கக்கெழம அந்த இல்லத்துக்கு போன் பண்ணிச் சொல்லிடு. நானே கூட்டிட்டு வரேன்னு சொல்லு."

"அம்மா, வேற ஏதாவது..."

"டேல் செத்திருப்பான்டா. அதத் தெரிஞ்சுக்கிட்டே அவன் வாயால பொய் சொல்ல வெச்சேன். போதும்."

ஆர்வலுக்கு எங்கள் அமைதி பிடிக்கவில்லை. அவர் தன் சட்டையை வெளியே இழுத்துவிட்டு, முதுகைக் காட்டி, இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி நின்றார். யாராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தார். கழுத்துப் பின்னால் நரைமுடி ஒழுங்காக வெட்டியிருந்தது. லவோன்தான் வெட்டிவிடுவார்.

"என்ன எல்லாரும் நிக்கறீங்க? வெட்டுங்கடா."

யாரும் நகரவில்லை. லவோன் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். நல்ல கம்பளிச் சட்டை, தடித்த துணி. அறுத்து அறுத்து வெட்ட வேண்டியிருந்தது. ஆர்வல் குலுங்கிச் சிரித்தார்.

"மெதுவாடி, முதுகு கூசுது."

வெட்டி முடித்த துணியை லவோன் நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஆணி கேட்கவில்லை. மீதிச் சட்டையைக் குளிர் ஏறாதபடி ஆர்வலின் கால்சட்டைக்குள் சுற்றிச் செருகிவிட்டார். பின்பக்கம் துணி போதவில்லை; திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

ஆர்வல் தோளுக்கு மேலாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"உன் சட்டை தப்பிச்சுது, பாத்தியா?"

"ஆமா ஆர்வல்," என்றார் லவோன். "தப்பிச்சுது."