கிராம்பு போட்ட சோப்பு

மீன் வெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு மீன் வாடைக்கு முகம் சுளிப்பதில் நியாயம் இல்லைதான். ஆனால் வீட்டிலேயே திரவ சோப்பு காய்ச்சி, வாசனை சேர்த்து விற்கிறவளுக்கு மூக்குதானே மூலதனம். வாங்க வரும் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். கொஞ்ச நாளாக அந்தக் கூடத்தில் ஒரு வெடுக்கு வாடை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

பழியை யார் தலையில் போடுவது என்று அவள் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் புருஷன் இருக்கிறானே. சந்தையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைத்தாள். அவன் துணிக்குத் தனி வாளி. ஆட்கள் வந்திருந்தால் பின்வாசல் வழியாக வரச் சொன்னாள். அவன் வாயில்லாப் பூச்சி, சொன்னதையெல்லாம் கேட்டான். அப்படியும் வாடை போகவில்லை. அதனால் அவன் குளிக்கவென்றே தனியாக ஒரு சோப்பு கலக்கினாள், கிராம்பு எண்ணெய் விட்டு.

வாசனை கலக்குகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். எவ்வளவு விட்டாலும் போதாதது போலவே இருக்கும். அப்போது கையை நிறுத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும், கிராம்பு எண்ணெய் என்றால் கட்டாயம், அளவு மீறினால் அது தோலைப் பொசுக்கிவிடும். அவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஆத்திரத்தில் ஊற்றிக்கொண்டே போனாள்.

"இதுலயும் போகலன்னா உங்க தோலை உரிச்சுத்தான் காயப்போடணும்" என்றாள். கிண்டலாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. அவன் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான். அவன் விரல்களில் கத்திக் கீறல் இல்லாத நாளே கிடையாது. அதை அவள் யோசிக்கவே இல்லை.

பிறகு, அண்ணன் வீடு மாற்ற ஒத்தாசைக்கென்று அவன் அண்ணனுடைய ஊருக்குப் போனான். அவள் வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவித் தள்ளினாள். இனி வாடை எப்படி வரும், பார்த்துவிடலாம் என்று இருந்தாள். வந்தது. மறுநாள் வந்த அவளுடைய அக்கா உள்ளே நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராகச் சோப்பு ஜாடியிடம் போய் மூடியைத் திறந்தாள்.

"ஏண்டி, மீனை இதுக்குள்ளயா ஊற வெச்சிருக்க?"

சோப்பு தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று காய்ச்சும்போது எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தாள். அதிகப்படி எண்ணெய் சோப்புக் காரத்தோடு சேராமல் மேலே நின்று, காறிப்போய், மீன் கழுவிய தண்ணீர் போல நாறிக்கொண்டிருந்தது. அந்த ஜாடியிலிருந்து எடுத்துத்தான் எல்லாப் பாட்டிலையும் நிரப்பினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் திரும்பி வந்தது பின்வாசல் வழியாகத்தான். சட்டையை அங்கேயே கழற்றி வாளியில் போட்டான். முதுகெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவள் பார்த்தாள். எத்தனை நாளாக இந்த முதுகு இப்படி இருக்கிறது, இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று கூசிப்போனாள். திட்டினால்கூடத் தேவலை என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாறியது என் சோப்பு, நீங்க இல்லை என்றாள். அவன் திட்டவில்லை. அதனால என்ன, விடு என்றான்.

கூடத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அவன் ஜன்னலோரமாகத் தள்ளியே உட்கார்ந்தான். அண்ணன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க. சின்னது ஓடி வந்து மடியில ஏறுச்சு. எறக்கி விட்டுட்டேன்."

"ஏங்க?"

"நாறுமேன்னுதான்."

"அதான் சொன்னேனே, அது சோப்புங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நீ சொல்ற, சரி." அவன் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். "எனக்கே இப்ப அடிக்குதே."

அவள் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டு, கைகழுவ எழுந்து போனான்.