ஆடு வராத படம்

நேசம்மாள் முதன்முறையாகத் தியேட்டருக்குள் போனபோது அவளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் சினிமா பாவம். சபையில் மற்றவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை விட்டு வெகுகாலமாகியும் அவள் மாறவில்லை. ஆனால் கதைகள் தெரியும். மகன் ஜெபிஷ் மார்த்தாண்டத்தில் படம் பார்த்துவிட்டு வந்தால், அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரிக்கும் அம்மாவுக்கு எதிரே பலகையை இழுத்துப் போட்டு முழுப் படத்தையும் சொல்லுவான். சண்டை, பாட்டு, கதாநாயகியின் குரல் எல்லாம் அவனே. கேட்பதும் பாவமா என்று அவள் யாரிடமும் விசாரித்ததில்லை.

திரும்பத் திரும்ப அவள் கேட்டது ஒரு லாரி ஓட்டுநரின் கதை. அவன் லாரியில் ஓர் ஆடு இருக்கும். சோதனைச் சாவடியில் அது இன்ஸ்பெக்டரின் தொப்பியைத் தின்றுவிடும். அந்த இடத்தில் நேசம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். கடைசியில் லாரி மலைப்பாதையில் உருளும். ஓட்டுநர் பிழைத்து, கையில் கட்டோடு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வருவான்.

போன வருடம் ஜெபிஷ் மஸ்கட்டில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். உடல் வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். திறக்கவில்லை.

அந்தப் பழைய படத்தை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று மகள் ஜாஸ்மி போனில் சொன்னாள். நேசம்மாள் உடனே சேலை மாற்றினாள்.

"அது வேண்டாம் பிள்ளே," என்றார் கணவர் சத்தியநேசன். "வெறும் அழுவாச்சிப் படம்."

"ஆடு தொப்பி தின்னுத படமா அழுவாச்சி?"

மகனோடு அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர். அதில் ஆடு கிடையாது. ஓட்டுநர் செத்துப்போவான். அன்று ஜெபிஷ் அடுக்களையில் கதைக்குள் ஆட்டைக் கொண்டுவந்தபோது அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்லே பொய் சொன்னே?" என்றார்.

"அழுவ வச்சா மட்டும் படம் ஆயிருமாப்பா? அம்மை வேலைக்கெடையில இருந்து கேக்கா. அவளுக்கு என்னவாவது குடுக்க வேண்டாமா?"

மதியக் காட்சியில் கூட்டம் இருந்தது. ஓட்டுநருக்கு ஒரு துன்பம் முடிந்தால் அடுத்தது வந்தது. நேசம்மாள் கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஆடு எப்ப வரும்?"

"வரும்."

சோதனைச் சாவடி வந்தது. இன்ஸ்பெக்டர் அவனை அறைந்தார், அவ்வளவுதான். தொப்பி தலையிலேயே இருந்தது.

மலைப்பாதை திரையில் தெரிந்ததும் சத்தியநேசன் எழுந்தார். "வா, பஸ்ஸு கூட்டமாயிரும்."

"இப்பதானே உருளப்போவுது. இருங்க. அவன் பொழச்சி வாறத பாத்துட்டுப் போவோம்."

லாரி உருண்டது. ஓட்டுநரை முற்றத்தில் கிடத்தினார்கள். தாய் அவன் தலையை மடியில் எடுத்துவைத்து, முகத்தைத் தடவித் தடவி அழுதாள். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். நேசம்மாள் அழவில்லை. விளக்கு போட்ட பிறகும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு மொகத்தையாவது காட்டுனாவ," என்றாள்.

வெளியே வந்தபோது கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்."

பஸ்ஸில் அடுத்த தெரு செசிலி இடம் போட்டுக் கொடுத்தாள். "அக்கா, நீங்களா சினிமாக்கு? போதகரு கேட்டா மயங்கி விழுந்திருவாரு. படம் எப்பிடி? சனமெல்லாம் கண்ணத் தொடச்சிட்டு வருது."

"அழுவாச்சியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் நேசம்மாள். "ஒரு லாரிக்காரன், கேட்டியா. அவன் வண்டியில ஒரு ஆடு."

முன்னிருக்கையில் இருந்த சத்தியநேசன் திரும்பவில்லை. தொப்பி தின்ற இடத்தில் செசிலி உரக்கச் சிரித்தாள். இன்ஸ்பெக்டரின் குரலை நேசம்மாள் ஜெபிஷைப் போலவே மூக்கால் பேசினாள்.

"பொறவு?"

"பொறவு லாரி உருண்டுது."

"ஐயோ, செத்துட்டானா?"

"இல்லட்டி. கையில கட்டு மட்டும். ஆட்டப் பிடிச்சிக்கிட்டு…"

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. செசிலி ஒன்றும் புரியாமல் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சத்தியநேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"வீட்டுக்கு வந்துட்டான்."