பெட்டிமேல் வைத்த கை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் நினைவுக் கூட்டத்தில் ஒருவர், கெட்டோ போலீஸிலும் நல்லவர்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு ஆப்பிள் கேக் எடுத்துக்கொண்டார். எனக்குக் கேக் கசந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் ஓய்வுபெற்ற பல் டாக்டர். இல்லாததை இருப்பதுபோல் பொருத்துவதே பிழைப்பாக இருந்தவன். எச்சரித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஏழு துப்பாக்கிகளைச் சவப்பெட்டியில் மறைத்து நாங்கள்..."

அடித்துவிட்டேன். ஒன்றுதான். அதுவும் துருப்பிடித்தது.

ஜெர்மன்காரன் யூதர்களான எங்களைக் கெட்டோ என்ற வேலிக்குள் அடைத்தான். கொலை முகாமுக்குப் போகும் ரயிலுக்கு ஆள் பிடிக்க எங்களிலேயே சிலரைப் பொறுக்கித் தொப்பியும் தடியும் கொடுத்தான். ஸெலிக் கப்லான் அவர்களில் ஒருவன். அவன் பூட்ஸைப் பார்த்து முகச்சவரம் செய்யலாம் (செய்திருக்கிறேன். சரி, செய்யவில்லை). புரோகித வம்சம், அவர்களுக்குப் பிணம் தீட்டு. உயிரோடிருக்கும் கிழவிகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போவான். சவப்பெட்டி வந்தால் மட்டும் நான்கு முழம் தள்ளி நிற்பான். என்ன ஆசாரம், என்ன ஆசாரம்!

அந்த ஆசாரத்தை நம்பித்தான் எங்கள் திட்டம். வேலிக்கு வெளியே இருந்த இடுகாட்டிலிருந்து, அவன் காவல் நிற்கும் நாளில், துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். முதல் குண்டு அவனுக்கே என்று எங்கள் ரகசியக் குழுவில் முடிவாகியிருந்தது. சுட வேண்டியவள் ஃப்ரூமா. அவள் அம்மாவை ரயிலேற்றியவன் அவன்.

3

வாசல். நானும் ஃப்ரூமாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

"திரும்பி வர்ற பெட்டில யாருய்யா?" என்றான் ஸெலிக், நான்கு முழத்துக்கு அப்பாலிருந்து.

"ஹிர்ஷ் மாமாண்ணே. மண்ணு ஒறைஞ்சு கல்லாக் கெடக்கு, மண்வெட்டியே ஒடைஞ்சிருச்சு. நாளைக்குத்தான் பொதைக்கணும்" என்றாள் ஃப்ரூமா.

"இந்த வாசல்ல வெளிய போயிட்டுத் திரும்பி வர்ற மொத ஆளு உங்க மாமாதான்."

அதற்குள் ஜெர்மன் காவலன் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினான். [இங்கே என் இதயத் துடிப்பைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன்.]

ஸெலிக் கையுறையைக் கழற்றினான். நடந்து வந்தான். வெறும் கையைப் பெட்டிமேல் வைத்தான். டைஃபஸ், ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல் என்று ஜெர்மனில் சொன்னான். காவலன் துள்ளிப் பின்வாங்கினான்.

"போங்க. மாமாவப் பத்திரமாப் பாத்துக்க, ஃப்ரூமா."

4

ஏன் வைத்தான்? உள்ளே பிணமில்லை என்று தெரிந்து, எங்களைக் காப்பாற்ற என்றால் அவன் வீரன். என் பேனா அதை எழுத மறுக்கிறது. மறுநாளும் ஆள் பிடிக்கத்தான் போனான். உள்ளே பிணம் என்றே நம்பித் தொட்டு, ஆசாரத்தையும் தொலைத்துவிட்டான் என்றால் எனக்குப் பரம திருப்தி. ஆனால் அந்த டைஃபஸ் பொய்யை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருவேளை, நாளை காற்று மாறினால் எடுத்துக் காட்ட ஒரு நல்ல காரியம் இருக்கட்டும் என்று நினைத்தானோ? எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆதாரம்தான் இல்லை.

5

அந்த வாரமே ஃப்ரூமா அவன் கதவைத் தட்டினாள். நான் மாடிப்படியில் காவல். பூட்ஸ் இல்லாமல், ஓட்டைக் காலுறையோடு வந்து திறந்தான். துப்பாக்கியைப் பார்த்தான்.

"மாமா எந்திரிச்சிட்டாரு போல" என்றான்.

"பெட்டில ஏன் கை வெச்ச?"

அவன் பதிலைப் பதினொரு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என்னைவிட நன்றாகப் பேசுகிறான். அந்த நாய்க்கு அந்தப் பாக்கியத்தை நான் தருவதாக இல்லை. வாயைத் திறக்கிறான், ஃப்ரூமாவோ

வேண்டாம். கேக் ஐயாவே, வாசகரே, படியேறி வாருங்கள். ஃப்ரூமாவுக்குக் கை வலிக்கிறது. துப்பாக்கியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்தது என்றேன் அல்லவா, அது பொய்.