மேல் வீட்டுப் பைப்பு

பீப்... பீப்... பீப்... மின்சாரம் போனதும் யு.பி.எஸ். அலறியது.

ஒரு நிமிடத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. ஆனால் நல்லம்மா உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் அணைந்து போயிருந்தது. நாற்பது வீதம் இறங்கியிருந்த கடிதம் போயே போய்விட்டது. நுஹ்மானின் மாத்தளை இன்டர்நெட் கடையில் யு.பி.எஸ்.ஸோடு இணைந்திருந்தவை இன்டர்நெட் பெட்டியும், பின்னறையில் இருந்த அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டரும்தான்.

"மறுபடி மொதல்லருந்தா தம்பி?" என்றாள் நல்லம்மா.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடி வந்தவள். கொழும்பில் வேலை செய்யும் மகன் கணபதி, அடையாள அட்டையை அறையில் மறந்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருந்தான். சோதனைச் சாவடியில் இறக்கி, மாத்தளைப் பொலிசில் வைத்திருந்தார்கள். நான்கு மணிக்குள் அத்தாட்சி காட்டினால் விடுவார்கள். இல்லாவிட்டால் இரவு உள்ளேதான். அவன் வேலை செய்யும் கடையின் முதலாளி, அட்டையையும் ஒரு கடிதத்தையும் படம் பிடித்து ஈமெயிலில் இங்கே அனுப்பியிருந்தார். பெரிய பெரிய படங்கள்.

மணி மூன்று பத்து.

"மழைம்மா. லைன் ஸ்லோ" என்றான் நுஹ்மான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வயரைக் கழற்றி மாட்டினான். வேண்டாத பக்கங்களை மூடினான். அடுத்த மேசையில் சவூதியிலிருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்த ஜுனைதீனிடம், "நானா, கொஞ்சம் வைக்கிறீங்களா? இந்தம்மாட வேல அவசரம்" என்றான்.

"ரெண்டு கெழமைக்குப் பொறகு இன்னைக்குத்தான் புள்ளட முகத்தப் பாத்தேன். இது இன்டர்நெட்டா, மாட்டு வண்டியாடா?" என்று முணுமுணுத்தாலும், நல்லம்மாவைப் பார்த்ததும் ஜுனைதீன் இணைப்பைத் துண்டித்தார்.

அப்போதும் திரையில் பச்சைக் கோடு நத்தையாகத்தான் ஊர்ந்தது.

ஏன் என்று நுஹ்மானுக்குத் தெரியும். பின்னறையில் நேற்றுக் காலையிலிருந்து ஒரு புதுச் சினிமாப் படம் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொரு வீதம். இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். நாளை வெள்ளிக்கிழமை சீடி தருவதாகக் கூட்டாளிகளிடம் பீற்றியிருந்தான். தகப்பனையும் மகளையும் பிரித்து வைத்தவனுக்கு, ஒரு சினிமாப் படத்தை நிறுத்தக் கை வரவில்லை. காது மடல் சுட்டது.

மூன்றே முக்கால். நல்லம்மா திரையையே பார்த்தபடி, தனக்குத் தானே பேசுவதுபோலச் சொன்னாள்:

"எங்க லயத்து வீடுகள்லயும் இப்பிடித்தான். மேல் வீட்டுல பைப்பத் தொறந்து வுட்டா, கீழ் வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வரும். கீழ இருக்கவங்க மழையில்ல, ஊத்து வத்திருச்சும்பாங்க."

நுஹ்மான் எழுந்து பின்னறைக்குப் போனான். தொண்ணூற்றைந்து. கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினான்.

அவன் திரும்பி வந்தபோது பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தே நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. கறுப்பு மையில் கணபதியின் முகம் காகிதத்தில் வந்தது. அதை உறையில் போட்டுக் கொடுத்து, தன் குடையையும் நீட்டினான். அவள் மழையில் ஓடினாள்.

மறுநாள் காலை அவன் கடைக் கதவைத் திறக்கும்போதே நல்லம்மாவும் மகனும் நின்றிருந்தார்கள். கணபதியின் சட்டை கசங்கியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அவன் குடையை நீட்டினான்.

"நேரத்துக்குப் போனீங்களாம்மா?"

"பத்து நிமிஷம் பிந்திருச்சு தம்பி. பொலிஸ் பெரியவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. ராத்திரி உள்ளயே வச்சிருந்து, இப்பத்தான் வுட்டாங்க."

பத்து நிமிடம். நுஹ்மான் குடையை வாங்கிக்கொண்டான். கணபதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா... நேத்து மழையால இல்ல. நான்தான் உள்ள ஒரு படம் இறக்கிக்கிட்டிருந்தேன்."

நல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் தம்பி. எங்க லயத்துல மேல் வீடு நம்ம வீடுதான்."