சலுகை இடம்

கல்லூரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: வெடி. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை என்னுடையது. மாணவர்கள் வாசலிலேயே நின்று, "வெடி இருக்கா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பக்கத்தை மடித்துக் கொண்டுவந்தால் கத்துவேன். அடையாள அட்டையை மறந்தால் கத்துவேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால், "இன்னைக்கு என்ன அதிசயம்?" என்று அதற்கும் ஒரு கத்தல்.

ஒரு நாள் கத்திய கத்தலில் முதலாண்டு மாணவி ஒருத்தி மேசைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் வந்தது அவள் தப்பு என்று வாதாடிப் பார்த்தேன். முதல்வரிடம் அது எடுபடவில்லை.

"உங்களைக் கிடங்குக்கு மாத்த எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. சாயங்காலம் தத்துவப் பட்ட வகுப்பு நடக்குதில்ல, அதுல சேருங்க. கோபத்தை அடக்கறதுக்குன்னே பாடம் இருக்காம். ஊழியர் சலுகை இருக்கு, ஃபீஸ் கிடையாது" என்றார்.

அந்தச் சலுகையின் விதி எனக்கு மனப்பாடம். ஊழியர் சேரலாம், அல்லது அவர் வீட்டில் ஒருவர் சேரலாம். யாராவது ஒருவர்தான். அதுவும் முழு சர்வீசுக்கும் ஒரே ஒரு தடவை.

விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்தேன். என் மனைவி கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். வேலை முடிந்து வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் படித்தாள்.

"வீட்டுல இருக்கிறவங்களும் சேரலாமாங்க?"

"சேரலாம். ஆனா ஒருத்தர்தான். முதல்வர் என்னைச் சேரச் சொல்றாரு. இல்லன்னா கிடங்குக்கு அனுப்பிடுவாராம்."

"அப்ப நீங்க சேருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கல்யாணம் பேசியபோது அவள் இதே தத்துவப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். "மீதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் முடிச்சுக்கலாம், நான் படிக்க வைக்கிறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்தான். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை நினைவுபடுத்தினாள், பிறகு பேச்சை எடுக்கவில்லை. ஆசை விட்டுப்போயிருக்கும் என்று என் வசதிக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. அதிலும் ஸ்டோயிக் தத்துவம் வந்ததும் தலைகால் புரியவில்லை. நம் எண்ணமும் செயலும் நம் கையில் இருக்கின்றன. அடுத்தவர் பேச்சு, மழை வெயில், பேர் புகழ் எதுவும் நம் கையில் இல்லை. கையில் இல்லாததற்கு ஏன் குதிக்க வேண்டும்? அடடா, இத்தனை நாள் இது தெரியாமல் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டோமே என்றிருந்தது. மடித்த பக்கத்தோடு ஒருவன் வந்து நின்றபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லப்பா, இனிமே மடிக்காதே" என்றேன். அவன் வெளியே போய், "வெடி நமுத்துப்போச்சுடா!" என்று கூவியது எனக்கே கேட்டது. அதற்கும் கோபம் வரவில்லை என்றால் பாருங்கள்.

என் கட்டுரைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிதான் கணினியில் அடித்துக் கொடுப்பாள். எனக்கு ஒரு விரல்தான் ஓடும். அடித்துக்கொண்டே ஏதாவது கேட்பாள்.

"கோபப்படாம இருக்கறதும் கண்டுக்காம இருக்கறதும் ஒண்ணாங்க? பக்கத்துல ஒருத்தர் கஷ்டப்படறாங்க, அது என் கையில இல்லன்னு உக்காந்துட்டா அது அறிவா, சோம்பேறித்தனமா?"

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, சொந்தச் சரக்கு மாதிரி அதையே கேட்பேன். பேராசிரியர் பூரித்துப்போவார். "இந்த வகுப்புலயே யோசிச்சுக் கேக்கறவர் இவர் ஒருத்தர்தான்" என்று மூன்று வருஷமும் பாராட்டினார். நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

கடைசிப் பருவத்தில் நாற்பது பக்க ஆய்வேடு. படித்ததை வாழ்க்கையோடு பொருத்திக்காட்டுவதுதான் முடிவு அத்தியாயம். நன்றிக்கடன் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு மனைவியைப் பற்றி எழுதினேன்: "அவள் எந்த வகுப்புக்கும் போகாமல் இந்தத் தத்துவத்தை வாழ்கிறாள். அவளுக்கு எதன்மீதும் ஆசை கிடையாது."

ஞாயிறு மதியம் அதை அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இந்தக் கடைசி வரியை எடுத்துடலாங்க."

"ஏன்? உன்னைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கேன்?"

"அது பொய். எனக்கு ஒரு ஆசை இருக்கு. அதைப் பத்தி உங்ககிட்ட..."

அவள் முடிப்பதற்குள் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதில் போய்ப் பொய் என்கிறாளே!

"நாற்பது பக்கத்துல உனக்குக் கண்ணுல பட்டது இது ஒண்ணுதானா? உனக்கு என்னதான்டீ வேணும்?" என்று மேசையில் ஓங்கி அடித்தேன்.

காலால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி என் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். யோசித்துச் செய்ததில்லை, உடம்பு பழகிப்போய்ச் செய்தது. அதைப் பார்த்ததும் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் அமைதி என்று எண்ணியிருந்தது பயத்தை. மூன்று வருஷம் படித்த முட்டாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவள் சொன்னாள். "அந்த ஃபாரத்தை எனக்குத்தான் கொண்டுவந்திருக்கீங்கன்னு நினைச்சேன். நீங்க வாயைத் திறக்கற வரைக்கும்."

மறுநாள் காலை நேராக அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனேன். ஆய்வேடு பையிலேயே கிடந்தது.

"என் சலுகையை என் மனைவி பேருக்கு மாத்திக் குடுங்க சார்."

"உங்களுதுதான் முடிஞ்சுபோச்சே. மூணு வருஷம் படிச்சிட்டீங்களே!"

"எனக்குப் பட்டம் வேண்டாம் சார். திருப்பி எடுத்துக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். "படிச்சதை எப்படிய்யா திருப்பி எடுக்கறது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அப்படியே மாத்தினாலும் பிரயோஜனம் இல்லைங்க. ஆள் சேரலைன்னு அந்தக் கோர்ஸையே மூடறாங்க. சாயங்கால வகுப்புல உங்க செட்தான் கடைசி."

வேறு எங்காவது பகல் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் அவள் வேலையை விட வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் வழியில்லை.

சாயங்காலம் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். கோர்ஸை மூடுகிறார்கள் என்றதும் அவள் முகம் விழுந்துபோனது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"தபால் வழியில சேர்ந்துடு. வீட்டு வேலை மொத்தமும் நான் பார்த்துக்கறேன். சத்தியமா" என்றேன்.

"புத்தகமெல்லாம் இங்கதானே இருந்துச்சு, படிச்சிட்டேங்க. வகுப்புல உக்காந்து என் வாயால நாலு கேள்வி கேக்கணும், அதுக்கு ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லணும். அதுக்குத்தான் ஆசைப்பட்டேன்."

அவள் கேள்விகளுக்கான பதில்களை எல்லாம் மூன்று வருஷமாக நான் அல்லவா வாங்கி வைத்திருக்கிறேன்!

"நான்தான் பாவி. நீயாவது அன்னைக்கே எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை சொன்னேனே, ஞாபகமில்லையா? முதல் தடவை தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. ரெண்டாவது தடவை நீங்க கத்தின கத்தல்ல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க." அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. "அதான், முதல்ல நீங்க போய்க் கத்தாத ஆளா ஆயிட்டு வாங்க, அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். நீங்களும் மாறிட்டு வந்தீங்க. இந்த மூணு வருஷத்துல ஒரு நாள் வீட்டுல சத்தம் இல்லை. சரி, இனிமே பயமில்லன்னு தோணுச்சு."

"அப்பவாவது கேட்டிருக்கலாமேம்மா!"

"நேத்துக் கேட்டேங்க" என்றாள்.