மச்சான் தொட்டிக் கிருமிகள்

பத்து மாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் கழிவுநீர்த் தொட்டியைக் கவனித்துக்கொள்பவர் தொட்டிக்காரர். மேலே மாடிகளைத் துடைத்துப் பளபளக்க வைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியம்மா அவருடைய மனைவி. உலகில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. அழுக்கைத் தின்னும் கோடானுகோடிக் கிருமிகளைக் காற்றூதி வளர்ப்பது அய்யாவின் பிழைப்பு. இந்த ஜோடியைச் சேர்த்துவைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போவார். தேறாவிட்டால் தொட்டியை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று குடியிருப்புச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். தொட்டிக்காரருக்குப் பதினோரு வருட வேலை அது.

ஆய்வாளர் வருகிறார் என்றதும் மேஸ்திரியம்மா சும்மா இருப்பாரா? திங்கள் காலை நூற்றிருபது கழிப்பறைகளிலும் ஒரே நேரத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்க்க வைத்தார். அத்தனையும் கீழே தொட்டிக்குள் இறங்கியது.

செவ்வாயன்று தொட்டிக்காரர் வழக்கம்போலத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் மொண்டு வைத்தார். அரை மணியில் பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். ஒரு மணி நேரமாகியும் சாம்பல் நிறக் கலங்கல்தான் நின்றது. அழுகல் நாற்றம் வேறு.

"என் பிள்ளைங்களைப் பூரா கொன்னுட்டியேடி!"

"கிருமியத்தானே கொன்னேன்? ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிடணும்."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வேற வழியே இல்லையா?"

ஒரே வழிதான். உயிருள்ள சேற்றை வேறொரு நல்ல தொட்டியிலிருந்து கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பக்கத்தில் நல்ல தொட்டி என்றால், இன்னொரு குடியிருப்பில் இதே வேலை பார்க்கும் மச்சானுடையது; மேஸ்திரியம்மாவின் தம்பி அவன். 'உன் தொட்டியில கொசுகூட முட்டை போடாது' என்று இரண்டு வருடம் முன்பு நாலு பேர் நடுவில் அவனை மட்டம் தட்டியவர் இவர்தான். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போன் போட்டார்.

"கொசுகூட வராத தொட்டியில உங்களுக்கு என்ன வேலை, மாமா?"

"ஒரு லாரி சேறு வேணும், மச்சான். என்னுது எல்லாம் செத்துப்போச்சு."

"அக்கா கைவரிசையா?"

"வேற யாரு?"

அந்தப் பக்கம் மச்சான் வயிறு வலிக்கச் சிரித்தான்.

மதியமே டேங்கர் லாரியோடு அவனே வந்தான். மழை நனைத்த மண் வாசனையோடு பழுப்புச் சேறு குழாய் வழியே இறங்கியது. கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தான். "அக்காவ உங்களுக்குக் குடுத்தப்போகூட நான் இவ்வளவு யோசிக்கல, மாமா. பத்திரமா பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை ஜாடியில் சேறு அரை மணிக்குள் படிந்தது. ஆய்வாளர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்களே!"

பதினோரு வருடமாக 'எல்லாம் நம்ம கைராசி' என்றே சொல்லிப் பழகிய வாய் அது. இந்த முறை, "எல்லாம் மச்சான் தொட்டிச் சரக்குங்க," என்றது.

அடுத்த வாரம், தண்ணீர் தேறியது என்று தாள் வந்தது. மேஸ்திரியம்மா அன்றுதான் முதன்முறையாகத் தொட்டி விளிம்புக்கு வந்தார், மூக்கைப் பொத்தியபடி.

"என் தம்பி வீட்டு ஆளுங்க சௌக்கியமா?"

"தின்னு கொழுத்துக் கெடக்குதுங்க, உன் தம்பி மாதிரியே."

அம்மா மூக்கிலிருந்து கையை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை அவனைச் சாப்பிட வரச் சொல்லுங்க."

"நேத்தே சொல்லிட்டேன்," என்றார் தொட்டிக்காரர்.